ஸ்பார்க் பிளக்கை ஏன் காலத்தில் மாற்ற வேண்டும்? பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் சின்னதாக ஒரு கார் பட்டறை வைத்திருக்கிறேன். ஆயில் மாற்ற வேண்டும் என்று சொன்னால் யாரும் மறுப்பதில்லை. எஞ்சினுக்குள் பொறி விட்டுப் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கை மாற்றலாம் என்றால் மட்டும் "வண்டி நல்லாத்தானேங்க ஓடுது, எதுக்கு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கும், அதைத் தொடர்ந்து வரும் மற்ற கேள்விகளுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கும், பெட்ரோலோடு கேஸும் போட்டு ஓட்டுபவர்களுக்கும் இது பொருந்தும்.

வண்டி நன்றாக ஓடும்போது பிளக்கை ஏன் மாற்ற வேண்டும்?

பிளக் என்பது பல்பு மாதிரி ஒரே நாளில் ஃபியூஸ் ஆகிற பொருள் இல்லை. டயர் மாதிரி தேய்கிற பொருள். அதன் நுனியில் இரண்டு உலோக முனைகள் இருக்கின்றன. நடுவில் ஒரு குச்சி, அதன் தலைக்கு மேல் வளைந்து நிற்கும் ஒரு கொக்கி. இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியில்தான் பொறி தாவுகிறது. ஒவ்வொரு பொறியும் கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தைத் தின்றுவிட்டுப் போகிறது. அதனால் இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகிறது.

இடைவெளி அகலமானால் பொறி தாவ அதிக வோல்ட் வேண்டும். அந்த வோல்ட்டை இக்னிஷன் காயில் கொடுத்துவிடுகிறது. அதனால் உங்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. அதாவது வண்டி நன்றாக ஓடுவது பிளக் நன்றாக இருப்பதால் அல்ல, காயில் கூடுதல் பாரம் சுமப்பதால். காயிலுக்கும் ஒரு எல்லை உண்டு. அந்த எல்லை வரும்போதுதான் வண்டி உங்களிடம் சொல்லும். அதற்குள் பிளக் செலவோடு வேறு செலவுகளும் சேர்ந்திருக்கும்.

பொறி தாவி எவ்வளவு உலோகம் தேய்ந்துவிடப் போகிறது?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் டாப் கியரில் போகும்போது சாதாரண பெட்ரோல் கார் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. அப்படியானால் ஒரு பிளக் நிமிடத்துக்கு 1,000 தடவை பொறி விடுகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிடம் என்பது ஒரு கிலோமீட்டர். ஆக, கிலோமீட்டருக்கு 1,000 பொறி. 40,000 கிலோமீட்டர் ஓடிய பிளக் 4 கோடி பொறி விட்டிருக்கும். ஊருக்குள் சின்ன கியரில் ஓட்டினால் இன்னும் அதிகம்.

ஒவ்வொரு பொறிக்கும் பின்னால் என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். காயில் அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்துகிறது. புதிய காயில்கள் 30,000 வோல்ட்டுக்கு மேலும் கொடுக்கும். பொறி விழுந்ததும் உள்ளே பெட்ரோல் வெடித்து எரிகிறது. அதன் சூட்டையும் அழுத்தத்தையும் அந்தச் சின்ன நுனி ஒவ்வொரு முறையும் தாங்க வேண்டும். 4 கோடி தடவை தாங்கியது என்றால் அது நல்ல பொருள் என்றுதான் அர்த்தம்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

உங்கள் வண்டியோடு கொடுத்த கையேட்டில் சர்வீஸ் அட்டவணை இருக்கும். அதில் போட்டிருப்பதுதான் சரியான பதில். பொதுவாகச் சொல்வதென்றால், சாதாரண நிக்கல் முனை பிளக்குகள் 20,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை தாங்கும். பிளாட்டினம், இரிடியம் முனை உள்ளவை வண்டியைப் பொறுத்து 60,000 முதல் 1,00,000 வரை போகும்.

கையேட்டில் கிலோமீட்டரோடு மாதக் கணக்கும் சேர்த்து, எது முதலில் வருகிறதோ அப்போது என்று போட்டிருந்தால் அந்த மாதக் கணக்கையும் மதியுங்கள். வீட்டில் ஓடாமல் நிற்கிற வண்டிக்கு அதுதான் முக்கியம்.

என் வண்டி ஊருக்குள் மட்டும்தான் ஓடுகிறது. கிலோமீட்டரே ஏறுவதில்லை. எனக்கும் இது பொருந்துமா?

உங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். காரணம் இரண்டு.

முதலாவது, சிக்னலில் நிற்கும்போது மீட்டர் ஓடுவதில்லை, பிளக் ஓடுகிறது. ஐட்லிங்கில் எஞ்சின் 800 சுற்று சுற்றினால் பிளக் நிமிடத்துக்கு 400 பொறி விடும். ஒரு மணி நேரம் நின்றால் 24,000 பொறி. மேலே போட்ட கணக்குப்படி அது 24 கிலோமீட்டர் ஓடியதற்குச் சமம். காந்திபுரத்திலும் உக்கடத்திலும் தினம் அரை மணி நேரம் ஏசி போட்டு நிற்கிறவர்கள் வருடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, சூடு. பிளக்கின் நுனி ஏறக்குறைய 450 முதல் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் அதில் படியும் கரியை அதுவே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். வீட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய்த் திரும்புகிற வண்டியில் நுனி அந்தச் சூட்டுக்கு வருவதற்குள் பயணம் முடிந்துவிடும். கரி படிந்துகொண்டே போகும். மின்சாரம் இடைவெளியைத் தாண்டாமல் கரி வழியாகக் கசிந்துவிடும். வாரத்துக்கு ஒருமுறையாவது பைபாஸில் அரை மணி நேரம் விட்டு ஓட்டுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சமதளத்தில் நன்றாகப் போகிறது, மேடு ஏறும்போது மட்டும் குலுக்குகிறது. ஏன்?

பிளக் தேய்ந்திருப்பதன் முதல் அறிகுறி பெரும்பாலும் இதுதான். ஆக்ஸிலேட்டரை ஆழமாக மிதிக்கும்போது சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் அதிகமாகப் போகின்றன, அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறினால் அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட் வேண்டும். சமதளத்தில் காயில் சமாளித்தது, மேட்டில் முடியாமல் போகிறது. பொறி தவறுகிறது. அதைத்தான் மிஸ்ஸிங் என்கிறோம்.

போன கோடையில் ஒரு டீச்சர் வண்டியைக் கொண்டுவந்தார். மூன்று சிலிண்டர் சின்ன கார். 68,000 கிலோமீட்டர் ஓடியும் கம்பெனியில் போட்டு வந்த அதே நிக்கல் பிளக். தினம் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடிய வண்டி, ஒரு தொந்தரவும் இல்லை. விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஐந்து பேராகக் குன்னூர் கிளம்பியிருக்கிறார்கள். கல்லாறு தாண்டியதும் வண்டி இழுக்கவில்லை. பர்லியாறு பக்கத்தில் செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்ன ஆரம்பித்திருக்கிறது. நிலையாக எரிந்தால்தான் ஆபத்து, மின்னினால் ஒன்றும் இல்லை என்று நினைத்து இன்னும் மிதித்து ஏறிவிட்டார்கள்.

அந்த மூன்று பிளக்கையும் கழற்றி வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்துப் பார்த்தோம். புதிதில் நடுக்குச்சியின் தலை வெட்டிய மாதிரி தட்டையாக, ஓரம் கூராக இருக்கும். இதில் ஓரமெல்லாம் கரைந்து, சப்பிப்போட்ட மிட்டாய் மாதிரி உருண்டிருந்தது. 1 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளியில் 1.4 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கும் தகடு, தடையில்லாமல் போய் வந்தது. நடு சிலிண்டர் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல் பென்சிலால் கோடு போட்ட மாதிரி மேலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புக் கோடு. காயிலின் ரப்பரைப் பிதுக்கி உள்ளே டார்ச் அடித்தால் அதே இடத்தில் அதே கோடு. அகன்ற இடைவெளியைத் தாண்ட முடியாத மின்சாரம், பீங்கானின் வெளிப்பக்கமாகவே இறங்கி, பிளக் திருகியிருக்கும் எஞ்சின் மேல்பகுதியான ஹெட்டுக்குப் போக வழி கண்டுபிடித்துவிட்டது. மூன்று பிளக்கோடு ஒரு காயிலும் மாற்ற வேண்டி வந்தது.

அதற்கு முந்தைய சர்வீஸில் நான் பிளக் மாற்றச் சொல்லியிருந்தேன். அவர் வேண்டாம் என்றதும் விட்டுவிட்டேன். பிளக்கைக் கழற்றி அவர் கையில் கொடுத்துக் காட்டியிருக்க வேண்டும். இப்போது எல்லோருக்கும் காட்டுகிறேன்.

செக் எஞ்சின் விளக்கு மின்னினால் என்ன செய்ய வேண்டும்?

உடனே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைத் தளர்த்துங்கள். ஓரமாக நிறுத்த இடம் இருந்தால் நிறுத்துங்கள். மேடு ஏறுவதைத் தொடராதீர்கள்.

நிலையாக எரியும் விளக்கு ஏதோ ஒரு கோளாறைச் சொல்கிறது, விரைவில் பார்த்தால் போதும். மின்னும் விளக்கு, இந்த நிமிடமே மிஸ்ஸிங் நடக்கிறது, அது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கக்கூடிய அளவில் இருக்கிறது என்று சொல்கிறது. பொறி விழாத சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோலும் காற்றும் அப்படியே சைலன்சர் பக்கம் வெளியேறும். வழியில் கன்வெர்ட்டர் இருக்கிறது. உள்ளே தேன்கூடு மாதிரி நுண்ணிய துளைகள் கொண்ட பீங்கான், அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் பூசியிருக்கும். அது ஏற்கெனவே சூடாக இருப்பதால் பெட்ரோல் அங்கே போய் எரிகிறது. சூடு எல்லை மீறினால் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். அப்புறம் எஞ்சினால் மூச்சு விட முடியாது, எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஏறாது.

2020 ஏப்ரல் முதல் விற்கிற பிஎஸ்6 வண்டிகளில் புகை விதிகள் கடுமையானவை, கன்வெர்ட்டர் விலையும் அதற்கேற்றபடி இருக்கும். ஒரு நிக்கல் பிளக் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். காயில் என்றால் ஆயிரக்கணக்கில். கன்வெர்ட்டர் விலையைக் கேட்டால் மனசு கலங்கும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, பணம் கட்டியவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

எரியாத பெட்ரோல் இன்னொரு வேலையும் செய்யும். சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கும்.

வேறு என்ன அறிகுறிகள்?

காலையில் செல்ஃப் அடித்தால் முன்பைவிட அதிக நேரம் சுற்றிவிட்டு ஸ்டார்ட் ஆவது. ஐட்லிங்கில் ஸ்டீயரிங்கும் சீட்டும் லேசாக நடுங்குவது. ஓவர்டேக் செய்ய மிதித்தால் ஒரு கணம் தயங்கிவிட்டுப் பிடிப்பது. சைலன்சரில் பச்சைப் பெட்ரோல் வாசம். மைலேஜ் மெல்லக் குறைவது. இவை எல்லாமே மெதுவாக வருவதால் ஓட்டுபவருக்குப் பழகிவிடும். ஊரிலிருந்து வந்த தம்பியோ மச்சானோ உங்கள் வண்டியை எடுத்து ஓட்டிவிட்டு "என்ன வண்டி இப்படி இழுக்குது?" என்று கேட்டால் கொஞ்சம் காது கொடுங்கள்.

மிஸ்ஸிங் என்றாலே பிளக்தானா?

இல்லை. காயிலாக இருக்கலாம், இன்ஜெக்டராக இருக்கலாம், எங்காவது காற்று உள்ளே இழுத்துக்கொண்டிருக்கலாம். நம் ஊரில் எலி கடித்த ஒயரும் ஒரு பெரிய காரணம்.

ஸ்கேனர் போட்டால் எந்த சிலிண்டர் என்று சொல்லிவிடும். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பி0300 என்றால் குறிப்பிட்டு ஒன்றில் இல்லாமல் மாறி மாறி நடக்கிறது என்று பொருள். முதல் சிலிண்டர் காயிலைக் கழற்றி இரண்டாவதில் போட்டு, அங்கிருந்ததை இங்கே போட்டு ஓட்டிப் பார்ப்போம். ஸ்கேனர் காட்டும் எண்ணும் கூடவே இரண்டாவதுக்கு மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாமல் முதலிலேயே நின்றால் அடுத்து பிளக்கை மாற்றிப் போட்டுப் பார்ப்போம். இதைச் செய்து பார்க்காமல் காயில் செட்டையே மாற்றச் சொல்கிறவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

பழைய பிளக்கைப் பார்த்து எஞ்சினின் நிலைமையைச் சொல்ல முடியுமா?

நிறையச் சொல்ல முடியும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இது. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்கிற மாதிரி, நாங்கள் பிளக் நுனியைப் பார்ப்போம்.

நுனிப் பீங்கான் வெளிர் சாம்பலாகவோ, பால் அதிகம் விட்ட டீ நிறத்திலோ இருந்தால் எல்லாம் சரி. தொட்டால் கையில் ஒட்டுகிற உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது வண்டி எப்போதும் சின்னச் சின்ன தூரம் மட்டுமே ஓடுகிறது. பளபளவென்று ஈரமாக ஆயில் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங் வழியாகவோ வால்வ் சீல் வழியாகவோ ஆயில் உள்ளே ஏறுகிறது. அதற்கு எத்தனை புதிய பிளக் போட்டாலும் தீர்வு இல்லை. சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, சின்னக் கொப்புளங்கள் தெரிந்தால் அளவுக்கு மீறிய சூடு. பெட்ரோல் குறைவாகப் போகலாம், பிளக் நம்பர் தவறாக இருக்கலாம், சரியாக முடுக்காமலும் விட்டிருக்கலாம்.

நுனி சுத்தமாக இருந்து, மேலே காயில் உட்காரும் பக்கம் மட்டும் ஆயிலில் ஊறியிருந்தால் அது வேறு கதை. எஞ்சினின் மேல்மூடியான டேப்பெட் கவரில் உள்ள சீல் கசிந்து பிளக் குழியில் ஆயில் தேங்கியிருக்கிறது. எஞ்சினுக்குப் பெரிய கேடு இல்லை, ஆனால் காயிலின் ரப்பர் ஊறிக் கெட்டுப்போகும்.

பீங்கானும் இரும்பும் சேருகிற இடத்தைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம் தெரியும். அதைப் பார்த்து "கேஸ் லீக் ஆகியிருக்கு" என்று சிலர் சொல்வார்கள். அப்படி இல்லை. உயர் மின்னழுத்தத்தால் சுற்றியுள்ள காற்றில் இருக்கும் ஆயில் துகள்கள் வந்து ஒட்டியதுதான் அது. கவலைப்பட ஒன்றும் இல்லை.

கழற்றிச் சுத்தம் செய்து போட்டால் போதாதா?

கரியைத் துடைக்கலாம், தேய்ந்துபோன உலோகத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கொக்கியைத் தட்டி இடைவெளியைக் குறைக்கலாம். ஆனால் பொறி கூரான ஓரத்திலிருந்துதான் எளிதாகத் தாவும். உருண்டுபோன முனையிலிருந்து தாவ அதிக வோல்ட் கேட்கும். பாதிப் பிரச்சினை அப்படியே இருக்கும்.

கார்புரேட்டர் வண்டியில் சர்வீஸுக்கு சர்வீஸ் பிளக் சுத்தம் செய்தது உண்மைதான். அப்போது பெட்ரோல் அளவு துல்லியமாக இருக்காது, பெட்ரோலில் ஈயமும் கலந்திருந்தது. 2000-ஆம் ஆண்டோடு இந்தியாவில் ஈயப் பெட்ரோல் நின்றுவிட்டது. இன்ஜெக்ஷன் வண்டிகளில் கரி படிவதே குறைவு. மீறிப் படிந்தால் துடைப்பதைவிட அதன் காரணத்தைத் தேடுவதுதான் வேலை. இரிடியம் பிளக்கில் உப்புத்தாளோ கம்பி பிரஷ்ஷோ போடவே கூடாது. நடுமுனை அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத வகைகள் உண்டு, தேய்த்தால் போய்விடும்.

நிக்கலா, இரிடியமா? எதைப் போடலாம்?

வண்டியோடு எது வந்ததோ அதைப் போடுங்கள். இரிடியத்துடன் வந்த வண்டியில் காசை மிச்சம் பிடிக்க நிக்கல் போடாதீர்கள், கையேட்டில் உள்ள 1,00,000 கிலோமீட்டர் கணக்கு அதற்குப் பொருந்தாது. அடுத்து வருகிற ஆளுக்கு இது தெரியாமல் போனால் வம்பு.

நிக்கலுடன் வந்த வண்டியில் இரிடியம் போடலாமா என்றால், அதே நம்பருக்கு இணையானது கிடைத்தால் தாராளமாகப் போடலாம். நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் 1,768 டிகிரியில், இரிடியம் 2,400 டிகிரிக்கும் மேலே. அதனால்தான் நுனியை ஊசி மாதிரி மெல்லியதாகச் செய்ய முடிகிறது, மெதுவாகவும் தேய்கிறது. ஆனால் பிக்கப் கூடும், மைலேஜ் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பி வாங்காதீர்கள். தேய்ந்த பிளக்கைக் கழற்றி எந்தப் புதிய பிளக் போட்டாலும் வண்டி சுறுசுறுப்பாகத்தான் தெரியும். நீங்கள் வாங்குவது நீண்ட ஆயுளை மட்டும்தான்.

பிளக்கில் இருக்கும் எழுத்துக்கும் எண்ணுக்கும் என்ன அர்த்தம்?

மரையின் அளவு, நீளம், சூட்டுத் தன்மை, இடைவெளி எல்லாம் அதில் அடங்கியிருக்கிறது. என்ஜிகே கம்பெனியின் பிகேஆர்6இ-11 என்பதை எடுத்துக்கொண்டால், ஆர் என்பது உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது என்பதையும், 6 என்பது சூட்டுத் தன்மையையும், இ என்பது மரைப் பகுதியின் நீளம் 19 மில்லிமீட்டர் என்பதையும், கடைசியில் உள்ள 11 இடைவெளி 1.1 மில்லிமீட்டர் என்பதையும் சொல்கின்றன. ரெசிஸ்டர் இல்லாத பிளக் போட்டால் ரேடியோவில் இரைச்சல் வருவதோடு எஞ்சின் கம்ப்யூட்டரும் குழம்பலாம்.

சூட்டுத் தன்மை என்றால், நுனியின் வெப்பத்தை எவ்வளவு வேகமாக ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பது. இதில் ஏமாந்துபோகிற ஒரு இடம் இருக்கிறது. என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் ஏற ஏற பிளக் குளிர்ச்சியானது. பாஷில் நேர் எதிர், எண் ஏற ஏற சூடானது. ஒரு கம்பெனி எண்ணைச் சொல்லி இன்னொரு கம்பெனி பிளக் கேட்டு வாங்காதீர்கள். கடைக்காரரிடம் வண்டியின் மாடலையும் ஆண்டையும் சொல்லி, கம்பெனியின் பட்டியலைப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கெட்டிருந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாமா?

எல்லாம் ஒரே நாளில் போட்டவை, ஒரே தூரம் ஓடியவை. மொத்தமாக மாற்றுங்கள். நான்கு சிலிண்டர் என்றால் நான்கு, மூன்று என்றால் மூன்று. பழைய ஹோண்டா சிட்டியின் ஐ-டிஎஸ்ஐ எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டு, மொத்தம் எட்டு. அதில் முன்பக்கம் கைக்கு எட்டுகிற நான்கை மட்டும் மாற்றி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன்.

சிஎன்ஜி, எல்பிஜி வண்டிகளுக்கு ஏதாவது வித்தியாசம் உண்டா?

உண்டு. கேஸில் பொறி தாவ பெட்ரோலைவிட அதிக வோல்ட் வேண்டும். அதனால் பிளக் கொஞ்சம் தேய்ந்தாலே கேஸில் முதலில் தெரிந்துவிடும். பெட்ரோலில் ஓட்டினால் ஒன்றும் இல்லை, சிஎன்ஜிக்கு மாற்றினால் திக்கித் திக்கி ஓடுகிறது என்று யாராவது வந்தால், கேஸ் கிட்டைத் தொடுவதற்கு முன் பிளக்கைத்தான் கழற்றுவேன். கம்பெனியிலேயே கேஸ் பொருத்தி வந்த வண்டி என்றால் கையேட்டில் அதற்கான கணக்கு இருக்கும். வெளியில் கிட் போட்டிருந்தால் பெட்ரோல் கணக்கை நம்பாமல் முன்கூட்டியே பாருங்கள்.

டீசல் கார், எலெக்ட்ரிக் கார், ஹைபிரிட்?

டீசலில் ஸ்பார்க் பிளக் இல்லை, அழுத்திய காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அதில் இருப்பது குளோ பிளக், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ய உதவும் ஹீட்டர். எலெக்ட்ரிக் காரில் எதுவும் இல்லை. ஹைபிரிட்டில் பெட்ரோல் எஞ்சின் இருப்பதால் பிளக்கும் உண்டு. பல பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

நானே மாற்றலாமா?

கைப்பழக்கம் இருந்து, பிளக் எளிதாக எட்டுகிற வண்டியாக இருந்தால் மாற்றலாம். அவசரம் மட்டும் கூடாது.

எஞ்சின் நன்றாக ஆறட்டும். ஹெட் அலுமினியம். சூடாக இருக்கும்போது கழற்றினால் மரையும் சேர்ந்து வந்துவிடலாம். அதைச் சரிசெய்ய ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரையைப் போட வேண்டும், பெரிய வேலை. காயிலைக் கழற்றியதும் குழிக்குள் காற்றடித்து மண்ணையும் தூசியையும் வெளியேற்றுங்கள், பிளக்கைக் கழற்றிய பிறகு அல்ல. இல்லாவிட்டால் அந்த மண் நேராக சிலிண்டருக்குள் விழும்.

புதிய பிளக்கை ஸ்பேனரில் மாட்டி நேராகத் திருகாதீர்கள். ஒரு சாண் ரப்பர் டியூபை எடுத்து பிளக்கின் மேல்பக்கத்தில் செருகி, அதைப் பிடித்துக்கொண்டு விரலால் திருகுங்கள். மரை கோணலாகப் பிடித்தால் டியூப் வழுக்கிவிடும், மரை பிழைத்துவிடும். எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி காட்டிய வழி இது. இன்றைக்கும் ஆழமான குழி உள்ள வண்டிகளில் இப்படித்தான் போடுகிறேன்.

கையால் முழுவதும் உட்கார்ந்த பிறகு, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர். வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் மரை பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20. டார்க் ஸ்பேனர் இல்லையென்றால் பிளக் அட்டைப் பெட்டியில் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று படம் போட்டிருக்கும், அதன்படி செய்யுங்கள். அதிகம் முடுக்கினால் மரை போகும். குறைவாக முடுக்கினால் அதுவும் கேடுதான். நுனியின் சூடு பெரும்பாலும் மரை வழியாகத்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது, பிளக் சரியாக உட்காராவிட்டால் சூடு இறங்க வழியில்லாமல் நுனி பழுத்துவிடும்.

மரையில் கிரீஸோ காப்பர் பேஸ்ட்டோ தடவுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. இப்போது வருகிற பிளக்குகளின் மரையில் ஏற்கெனவே பூச்சு இருக்கிறது. மேலே எதையாவது தடவினால் வழுக்கலில் அளவுக்கு மீறி முடுக்கிவிடுவீர்கள். தேவையில்லை.

பிளக் கைதவறித் தரையில் விழுந்தால் அதைப் போடாதீர்கள். பீங்கான் உள்ளே விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது.

எஞ்சின் வாஷ் செய்த பிறகு மிஸ்ஸிங் வருகிறது. பிளக் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை, பிளக் குழியில் தண்ணீர் தேங்கியிருக்கும். காயிலைக் கழற்றிக் காற்றடித்து உலர வைத்தால் சரியாகிவிடும். எஞ்சின் அறையில் பிரஷர் தண்ணீர் அடிக்க விடாதீர்கள்.

போலி பிளக்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

வெளியே பார்த்தால் அச்சு அசல் மாதிரியே இருக்கும். பீங்கானில் எழுத்து மங்கலாக அல்லது கோணலாக இருப்பது, மரை சொரசொரப்பாக இருப்பது, கொக்கி நடுமுனைக்கு நேராக நிற்காமல் விலகி நிற்பது, நான்கு பிளக்கில் நான்கு இடைவெளி இருப்பது, இவற்றைக் கவனியுங்கள். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் வாங்காதீர்கள். பழக்கமான கடையில் பில் போட்டு வாங்குவதுதான் பாதுகாப்பு.

பிளக் உண்மையிலேயே மாற்றப்பட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய பிளக்கைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் பொருள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்று வரிசை மாறாமல் வைத்துத் தரச் சொல்லுங்கள். கையில் வாங்கி, புதிய பிளக்கோடு பக்கத்தில் வைத்து அந்த நடுமுனையின் ஓரத்தைப் பாருங்கள். பிறகு புதிய பிளக் வந்த அட்டைப் பெட்டி ஒன்றில் தேதியையும் மீட்டரில் உள்ள கிலோமீட்டரையும் பேனாவால் எழுதி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். அடுத்த தடவை வேறு ஊரில், வேறு மெக்கானிக் போனட்டைத் திறந்தாலும் கணக்கு அதில் இருக்கும்.